முதலில் தோற்க வேண்டியது நட்டுதான்

எக்ஸாஸ்ட் ஸ்டட் இரண்டு முனையிலும் மரை வெட்டிய ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஒரு முனை சிலிண்டர் ஹெட்டின் அலுமினியத்துக்குள் போய் உட்காரும். மறுமுனையில் நட்டு ஏறி சைலன்ஸர் பைப்பின் ஃபிளாஞ்சைப் பிடித்துக்கொள்ளும். நேராக ஒரு போல்ட்டையே போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போல்ட்டாக இருந்தால், சைலன்ஸரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அது அலுமினிய மரையைத் தேய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். ஸ்டட் இருக்கும்போது தேய்வதெல்லாம் நட்டும் ஸ்டட்டும்தான், ஹெட்டின் மரையை யாரும் தொடுவதே இல்லை. இதை வடிவமைத்தவர்கள் மனதில் ஒரு வரிசை இருந்திருக்கிறது: போனால் முதலில் நட்டு போகட்டும், அதற்கடுத்து ஸ்டட், ஹெட்டுக்கு மட்டும் எதுவும் ஆகக் கூடாது. மரை போன ஹெட் மேஜைக்கு வந்தால் அந்த வரிசை எங்கே புரண்டது என்றுதான் முதலில் தேடுவேன்.

என் கைக்கு அதிகம் வருபவை பழைய ஹீரோ ஹோண்டாக்கள். 1985-ல் வந்த சி.டி. 100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர். இரண்டிலும் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்தவாக்கில் முன்னால் நீட்டியிருக்கும், எக்ஸாஸ்ட் வாய் ரோட்டைப் பார்த்துக் கீழே திறந்திருக்கும். முன்சக்கரம் வாரியடிக்கும் மழைத்தண்ணீரும் சேறும் சூடான ஸ்டட் மேலேயே விழும். இருப்பதோ 6 மி.மீ. ஸ்டட். இருபது, முப்பது மழைக்காலம் பார்த்த வண்டியில் நட்டும் ஸ்டட்டும் துருவேறி ஒரே துண்டாகிவிடுகின்றன. அந்த நிலையில் பத்து நம்பர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நட்டு சுற்றாது. ஒன்று ஸ்டட் முறியும், இல்லாவிட்டால் அலுமினிய மரையைச் சுருள் சுருளாக உரித்துக்கொண்டு ஸ்டட் முழுசாக வெளியே வரும்.

துரு ஒரு காரணம்தான். அதைவிட அதிகம் நான் பார்ப்பது இறுக்கியே கெடுத்த மரை. ஃபிளாஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கட் வளையம் நசுங்கித்தான் கேஸை அடைக்கும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை நசுங்காது. பழைய வளையத்தையே திரும்பப் போட்டால் கேஸ் கசியும். ஜாயின்ட்டைச் சுற்றிக் கரி படியும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்ஸரில் பட்பட்டென்று வெடிக்கும். உடனே, "அண்ணே, இன்னும் ஒரு சுத்து இறுக்கி விடுங்க" என்பார்கள். 6 மி.மீ. மரைக்கு ஒரு கிலோகிராம்-மீட்டர் அளவு முறுக்கு போதும். அதற்குமேல் போகும் ஒவ்வொரு சுற்றும் அலுமினியத்தின் கணக்கில்தான் ஏறுகிறது. வளையத்தை மாற்றினால் முடிந்துபோகும் வேலை அது.

முறிந்த ஸ்டட்டை எடுப்பதில்தான் பொறுமை வேண்டும். கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துவிடுவேன். வெல்டிங் சூடு நேராக ஸ்டட்டுக்குள் இறங்கித் துருவை உடைக்கும். ஆறவிட்டு, ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் ஹெட்டைச் சூடாக்குவதும் உதவும். ஆனால் இரும்பு பழுத்துச் சிவப்பதுபோல் அலுமினியம் நிறம் காட்டாது. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவை அதற்கும் முன்னாலேயே. கண்ணை நம்பிச் சூடு காட்டக் கூடாது.

உள்ளேயே முறிந்திருந்தால் ட்ரில்தான் வழி. பலரும் தோற்பது இங்கேதான். ஸ்டட் கடினம், சுற்றியிருக்கும் அலுமினியம் மென்மை. ட்ரில் எப்போதும் மென்மையான பக்கமே ஓடும். கையால் நேராகப் பிடித்தேன் என்று யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை. லேத்தில் ஒரு சின்ன புஷ் கடைவேன், வெளிவிட்டம் ஃபிளாஞ்சின் ஓட்டைக்குச் சரியாக, நடுவே 3 மி.மீ. துளை. ஃபிளாஞ்சை நல்லபடியாக இருக்கும் இன்னொரு ஸ்டட்டில் மாட்டி இறுக்கி, மறுபக்க ஓட்டையில் புஷ்ஷைச் செருகினால் ட்ரில்லுக்கு வேறு வழியே இல்லை, ஸ்டட்டின் நட்டநடுவில்தான் இறங்கியாக வேண்டும். பிறகு 4, அப்புறம் 5 மி.மீ. நடு பிசகாமல் வந்திருந்தால் மிச்சம் நிற்பது மெல்லிய இரும்புச் சுருள்தான். கூர்முனையால் கிளப்பி உள்பக்கம் மடக்கி இழுத்தால் பழைய மரை அப்படியே உயிரோடு கிடைக்கும். ஈஸி-அவுட்டை இந்த அளவு ஸ்டட்டில் நான் தொடுவதில்லை. அது உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதில் ஏறாது. ஒரு வேலையாக இருந்தது இரண்டாகிவிடும்.

வேலைக்கு முன்பே பிஸ்டனைக் கம்ப்ரஷனில் மேலே கொண்டுவந்து வால்வை மூடி, கிரீஸ் தடவிய துணியைப் போர்ட்டில் அடைத்துவிட வேண்டும். ஹெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துச் செய்வது இன்னும் நல்லது.

அலுமினிய மரையே போயிருந்தால் நான் போடுவது ஹெலிகாயில். 6.3 மி.மீ. ட்ரில் விட்டு, அதற்கென்று வரும் டேப்பால் மரை வெட்டி, எவர்சில்வர் கம்பிச் சுருளைத் திருகி இறக்க வேண்டும். சுருள் தன் ஸ்பிரிங் விசையாலேயே சுவரைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கிடைப்பது மறுபடி அதே 6 மி.மீ. மரை. அலுமினியத்தில் பிடிமானம் முன்பைவிடப் பெரிய விட்டத்தில் விழுவதால் புது ஹெட்டின் மரையைவிட இது உறுதி. டேப் அடிக்கும்போது அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயை மிஞ்சியது எதுவும் இல்லை. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அடி மூடிய ஓட்டை என்பதால் அடிக்கடி டேப்பை வெளியே எடுத்துத் தூளை ஊதித் தள்ள வேண்டும். எண்ணெய் தேங்கி நிற்க ஸ்டட்டைத் திருகினால், எண்ணெய் அமுங்க இடமின்றி ஹெட்டையே வெடிக்க வைத்துவிடும்.

நம் ஊர் லேத்துப் பட்டறைகளில் இன்னொரு வழி உண்டு: ஸ்டெப் ஸ்டட். ஹெட் பக்கம் 8, வெளிப்பக்கம் 6. 6.8 மி.மீ. துளை போட்டு 8 மி.மீ. டேப் அடித்தால் முடிந்தது, செலவும் குறைவு. சுவர் தடிமனாக இருக்கும் இடத்தில் இது நேர்மையான வேலை. சின்ன ஹெட்களில் ஸ்டட்டைச் சுற்றியுள்ள சதை மெல்லியது, அங்கே நான் தயங்குவேன். ஆர்கான் வெல்டிங்கால் ஓட்டையை மூடிப் புதிதாகத் துளையிடுவது எனக்குக் கடைசி வழி. அந்தச் சூட்டில் வால்வு சீட்டின் வட்டம் கோணக்கூடும். செம்புக் கம்பியைச் சுற்றி போல்ட்டை ஏற்றுவதும் ஓட்டையில் பசை நிரப்புவதும் அடுத்து வரும் மெக்கானிக்குக் குழி தோண்டி வைப்பதுதான்.

இவ்வளவும் செய்தபின் மேலே எதைப் போடுகிறோம் என்பதில்தான் அந்தப் பழைய வரிசை நிலைக்கிறது. ஹைடென்சில் ஸ்டட்டும் இறுகிய இரும்பு நட்டும் போட்டால், அடுத்த முறை மீண்டும் ஹெட்தான் தோற்கும். நான் போடுவது சாதாரண இரும்பு ஸ்டட், அதன்மேல் உயரமான பித்தளை நட்டு. பழைய பிரிட்டிஷ் கார்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டுதான் வழக்கம். பித்தளை துருப்பிடித்து ஸ்டட்டோடு ஒட்டாது, அளவுக்கு மீறி இறுக்கினால் தன் மரையை விட்டுக்கொடுத்துவிடும். மரையில் காப்பர் கிரீஸ் ஒரு தொடுதல். சாதாரண கிரீஸ் கருகிக் கரியாகிவிடும். ஸ்டட்டை ஹெட்டில் விரலால் திருகி உட்காரவைத்தாலே போதும், முட்டவிட்டு முறுக்க வேண்டியதில்லை.

மாட்டும் முறையும் உண்டு. முதலில் இரண்டு நட்டையும் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, சைலன்ஸரின் பின்பக்க போல்ட்டை அதன் இடத்தில் சேர்க்க வேண்டும். பிறகே முன்பக்கத்தை மாற்றி மாற்றி, இரண்டும் சமமாக இறுக்க வேண்டும். பின்னால் போல்ட் கழன்றிருந்தால் சைலன்ஸரின் முழுப் பாரமும் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இரண்டு சின்ன ஸ்டட்களில் தொங்கும். வண்டியை எடுக்க வருபவரிடம் அந்த போல்ட்டைக் கையால் தொட்டுக் காட்டித்தான் அனுப்புகிறேன். இரண்டு நாள் ஓட்டிவிட்டு, எஞ்சின் நன்றாக ஆறியபிறகு வரச் சொல்வேன். புது வளையம் இன்னும் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அந்த நட்டுகளுக்குக் கால் சுற்று பாக்கி இருக்கும்.