புதுப்பேட்டையில் காற்று வாங்குவது எப்படி?

சென்னையில் காற்று வாங்க வேண்டுமென்றால் மெரினாவுக்குப் போவார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் எலியட்ஸ் பீச்சுக்குப் போவார்கள். நானும் என் நண்பனும் ஒரு சனிக்கிழமை காலை புதுப்பேட்டைக்குப் போனோம். எங்களுக்கு வேண்டிய காற்று அங்கேதான் மலிவாகக் கிடைக்கும் என்று ஆபீஸில் நாலு பேர் சத்தியம் செய்திருந்தார்கள்.

புதுப்பேட்டை தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். கூவத்துக்கு இந்தப் பக்கம் புதுப்பேட்டை, அந்தப் பக்கம் சிந்தாதிரிப்பேட்டை. ஹாரிஸ் ரோடு என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் ஆதித்தனார் சாலையிலிருந்து சந்துக்குள் திரும்பினால், கார்களின் கசாப்புக் கடைத் தெரு! ஒரு கடையில் வெறும் கதவுகள். பக்கத்துக் கடையில் வெறும் ஹெட்லைட்டுகள். எதிர்க் கடையில் சைடு மிரர்களைத் தோரணம் மாதிரி தொங்க விட்டிருக்கிறார்கள். உங்கள் முகம் நாற்பது கோணத்தில் தெரியும். ஒரு கோணம்கூட நன்றாக இருக்காது.

இந்த மாதிரிக் கடைகளுக்குக் 'காயலான் கடை' என்று பேர். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பேர் என்று சொல்வார்கள். 'காலையில் காணாமல் போன உங்கள் வண்டியின் கண்ணாடியை சாயங்காலம் நீங்களே இங்கே விலைக்கு வாங்கலாம்' என்று ஒரு பழைய ஜோக் உண்டு. அதை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சரி, நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளக்காரன். ஆல்ட்டோ வாங்க வைத்திருந்த பணத்தில் 2004 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் வாங்கிவிட்டான். நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய சபலம் கிடையாது. ஒரு காலத்தில் ஆலை அதிபர்கள் சாய்ந்து உட்கார்ந்த ஸீட். இன்று புது ஆல்ட்டோ விலை. யாருக்குத்தான் கை அரிக்காது?

அந்த வண்டியின் அழகே அதன் சவாரிதான். 1998-ல் வந்து 2005 வரை தயாரான அந்த எஸ் கிளாஸில் நாலு சக்கரத்துக்கும் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதில் காற்று. ஒவ்வொரு சக்கரத்திலும் ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரு ரப்பர் பை. முன்னால் ஒளிந்திருக்கும் குட்டி கம்ப்ரஸர் அதற்குக் காற்று கொடுக்கும். மாமனார் வீட்டார் அத்தனை பேரும் பின் ஸீட்டில் ஏறினாலும் சென்ஸார் பார்த்து, காற்றைக் கூட்டி, வண்டியைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். பள்ளத்தில் இறங்கினால் உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் போகிறவனுக்குத்தான் தெரியும்.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. ஊருக்குப் போகும்போது 'ஏர்பஸ்' என்று டிக்கெட் போடுகிறோமே, அது இந்தக் காற்றுப் பைதான். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்து 2019-ல் ஓட ஆரம்பித்த வந்தே பாரத் ரயிலுக்கும் இதே காற்றுதான். சென்னையில் 2024-ல் வந்த தாழ்தள பஸ்கள் ஸ்டாப்பில் ஒரு பக்கமாகக் குனிந்து பெரியவர்களை ஏற்றிக்கொள்கின்றன அல்லவா, அதுவும் இதே வித்தைதான்.

நண்பனின் கார் யாரும் கேட்காமலே குனிந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது, மண்டியிட்ட ஒட்டகம் மாதிரி. சாவியைத் திருகினால் டேஷ்போர்டில் 'ஸ்டாப், கார் டூ லோ' என்று சிவப்பு எழுத்து. தங்கை கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. 'மாப்பிள்ளை அழைப்புக்கு என் பென்ஸ்' என்று சம்பந்தி வீட்டில் சொல்லியாகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் விசாரித்தான். அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு நல்ல பைக் வாங்கலாம். அதுவும் ஒரு காலுக்கு!

அதனால்தான் புதுப்பேட்டை.

முதல் கடையிலேயே கிடைத்தது. "ஒரிஜினல் ஜெர்மன் மால் சார். 2003 வண்டியில கழட்டினது. முதலாளி வண்டிய வெளியவே எடுக்கல. முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல" என்றார் கடைப் பையன். சர்வீஸ் சென்டர் விலையில் எட்டில் ஒரு பங்கு. நண்பன் பர்ஸை எடுத்துவிட்டான்.

உள்ளே ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர், கடை முதலாளிதான், கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, இரும்புக்குக் கிலோமீட்டர் பாக்கணும். ரப்பருக்கு வயசு பாக்கணும்."

"புரியலை பாய்..."

அவர் டார்ச்சை எடுத்து அந்த ஸ்ட்ரட்டின் ரப்பர் மடிந்து உருளும் இடத்தில் அடித்தார். விரலால் இழுத்துக் காட்டினார். மடிப்புக்குள் தலைமுடி மாதிரி கோடு கோடாக வெடிப்பு. "உன் வண்டில போன அதே ரப்பரு. அதே வயசு. இத மாட்டினா கல்யாணத்துக்கு முன்னாடி போவும், இல்ல மறுவீட்டுக்குப் போவும். அப்புறம் எங்கிட்ட வந்து நிப்பே. வேணுமா?"

பழசை விற்றே வாழும் ஒரு தெருவில், 'இந்தப் பழசு வேண்டாம்' என்று ஒரு வியாபாரி சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அவர் கேட்ட அடுத்த கேள்விகள் ஒரு டாக்டர் கேட்பது போலிருந்தன. "ஒரு மூலை மட்டும் உக்காருதா, நாலுமா? ராத்திரி பூரா ஆவுதா, ஒரு மணி நேரத்துல உக்காந்துருதா? கம்ப்ரஸர் நிக்காம ஓடுதா?" ஒரு மூலை என்றால் பெரும்பாலும் அந்த ரப்பர் பை, அல்லது அதற்குப் போகும் குழாய், அல்லது காற்றைப் பிரித்துக் கொடுக்கும் வால்வ் பிளாக். சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை காட்டிக் கொடுத்துவிடும், பஞ்சர் கடை வைத்தியம்தான். கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓவர்டைம் பார்த்து அதுவும் உயிரை விடும். செலவு இரட்டிப்பு.

"இரும்பு ஸ்பிரிங்கே போட்டுட்டா என்ன பாய்?" என்றேன் நான்.

போடலாம். கிட் கிடைக்கிறது, கசியாது, விலையும் குறைவு. அமெரிக்காவில் 1957-ல் வந்த காடிலாக் எல்டொராடோ புரோம் காரில் காற்று ஸ்பிரிங் கசிந்து தொல்லை கொடுக்க, பல உரிமையாளர்கள் இரும்பு ஸ்பிரிங்குக்குத்தான் மாறினார்கள். ஆனால் பிறகு வண்டி தானாக உயராது, தாழாது. விளக்கு எரியாமல் இருக்க கம்ப்யூட்டரை வேறு ஏமாற்ற வேண்டும். "அதுக்கு எதுக்குத் தம்பி பென்ஸு? அம்பாஸடரே வாங்கி இருக்கலாமே!" என்றார் பாய்.

மிச்சமிருந்த வழி, கார் கம்பெனி டப்பாவில் வராத, வேறு கம்பெனி செய்யும் புது ஸ்ட்ரட். ஜெர்மனியில் பில்ஸ்டீன், அமெரிக்காவில் புளோரிடாவின் ஆர்னாட் மாதிரி பேர் பெற்றவர்கள் பழைய கார்களுக்கென்றே செய்கிறார்கள். பேரில்லாத டப்பாக்களும் சந்தையில் உண்டு. பாய் சொன்ன இலக்கணத்தை அப்படியே தருகிறேன், உதவும். ரப்பர் புதுசா என்று தயாரித்த தேதியைப் பார். இந்த வண்டியில் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தையும் கம்ப்யூட்டர்தான் மாற்றுகிறது, அதற்கான ஒயர் சாக்கெட் இருக்கிறதா பார். பில்லும் வாரன்டியும் இல்லாமல் வாங்காதே. முன்பக்கம் மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்று, வலது காலுக்கும் அதே வயசுதான்.

கடைசியாக ஒன்றை மெக்கானிக்கிடம் சொல்லச் சொன்னார். மாட்டிய உடனே ஜாக்கியை இறக்கக் கூடாது. முதலில் காற்று ஏறி ரப்பர் சரியாக உருள வேண்டும், அப்புறம்தான் வண்டியின் பாரம். காற்றில்லாத பையின் மேல் இரண்டு டன் வண்டியை இறக்கினால், புது ரப்பர் அன்றைக்கே மடிந்து கிழியும். பழியெல்லாம் டப்பாவின் மேல் போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு புது ஸ்ட்ரட்டும் சேர்ந்து, சர்வீஸ் சென்டரின் ஒரு ஸ்ட்ரட் விலையை விடக் கொஞ்சம் குறைவு. குறைவு என்றாலும் நண்பனுக்கு அது பெரிய தொகை. 'தங்கை கல்யாணம்' என்று எழுதி பி.எஃப். அட்வான்ஸ் போட்டான். ஒரு வகையில் உண்மைதான்!

பாய் மூலமாகவே ஆர்டர் கொடுத்து, எட்டாம் நாள் பார்சல் வந்தது. மாப்பிள்ளை அழைப்பில் கார் நிமிர்ந்து போனது. மாப்பிள்ளைதான் வெட்கத்தில் குனிந்திருந்தார். பின்னாலிருக்கும் இரண்டு ஸ்ட்ரட்டுகளுக்கும் வயசு இருபதைத் தாண்டிவிட்டது என்பதை நண்பனும் மறக்கவில்லை. மாதாமாதம் தனியாகப் பணம் எடுத்து வைக்கிறான், சீட்டு கட்டுகிற மாதிரி.

15 வருஷம் முடிந்த காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. வாங்க வேண்டியிருக்கிறதல்லவா? பழைய சொகுசு கார் மேல் ஆசை இருந்தால், வாங்குவதற்கு முன்பே நீங்களும் ஒரு எஃப்.சி. பார்த்துவிடுங்கள். 'நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்' என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, விடிகாலையில் போய் நில்லுங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை வைத்து நாலு மூலையும் அளங்கள். இடமும் வலமும் ஒரே அளவாக இருந்தால் சாவியைக் கேளுங்கள்.

இல்லையென்றால், அவர் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு பஸ் பிடித்து வந்துவிடுங்கள். அதுவும் காற்றில்தான் மிதந்து வரும், தாழ்தள பஸ்ஸாக இருந்தால். செலவு டிக்கெட்டோடு சரி!