அண்ணாந்து பாருங்க!

போன மாசம் சேலம் அம்மாபேட்டையில் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்த நேரத்தில், மேளத்தையும் மீறி 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கே காது கூசியது. ட்ரோன்! நீங்களும் பார்த்திருப்பீர்கள், இப்போது அது இல்லாமல் தாலி ஏறுவதில்லை. அடுத்த நிமிஷம் தென்னை மட்டையில் மோதி, பந்திக்குக் காத்திருந்த குழந்தைகளுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. இறக்கை அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

"காத்து தள்ளிருச்சுங்கண்ணா" என்றார் ஓட்டிய தம்பி.

"லைசென்ஸ் இருக்கா?"

"கல்யாணத்துக்கு எதுக்குங்க?"

நான் பி.காம். ஆள். விமானத்தில் எனக்குத் தெரிந்தது டிக்கெட் விலை மட்டும். அன்று ராத்திரி 2021 ட்ரோன் விதிகளைப் புரட்டினேன். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை யாரையும் கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் என்றால் 200 அடிதான். அதற்கும் நெருங்கினால் அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைக் காசுக்கு ஓட்டினால் பைலட் சான்றிதழ் கட்டாயம். காமலாபுரத்தில் 2023 அக்டோபரில் மறுபடி விமானம் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஓமலூர்ப் பக்கம் கல்யாணம் எடுப்பவர்கள் கவனிக்க!

2018 டிசம்பரில் லண்டன் கேட்விக்கில் ட்ரோன் தென்பட்டதாகச் சொன்னதற்கே சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன. ஓட்டிய ஆள் கடைசிவரை அகப்படவில்லை, அது தனிக்கதை.

நேற்று அந்தத் தம்பி போன் பண்ணினார். "அண்ணா, அந்தச் சான்றிதழுக்கு எங்க படிக்கணும்?" சொன்னேன். ஃபீஸைச் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இன்னொரு கல்யாணமாம்.