தாரை வார்ப்புக்கு ஒரு பட்டன்

அந்த அம்மா என்னிடம் வந்தது 2010-இல். கையில் கல்யாண டிவிடியும் ஸ்டுடியோ பில்லும். மகள் கல்யாணம் முடிந்து ஆறாவது வாரம் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்ததை ஒருமுறை பார்க்கவேண்டும். வீட்டுப் பிளேயரில் அந்தக் காட்சி வரவே இல்லை.

மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனு போட்டோம். ஸ்டுடியோவின் பதிலுரை சுருக்கமானது: எடுத்ததெல்லாம் டிவிடியில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் போட்டால் ஓடுகிறது, சேவைக் குறைபாடு இல்லை. என் லேப்டாப்பில் விஎல்சி மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது டைட்டிலாக, அதாவது டிஸ்க்கின் மூன்றாவது பகுதியாக, தாரை வார்ப்பு முழுசாக ஓடியது. எதிர்த்தரப்பு பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவும் சொல்லவில்லை. பிறகு எது கோளாறு?

தெரிந்த எடிட்டர் ஒருவர் டிஸ்க்கைத் திறந்து காட்டினார். படம் விஓபி கோப்புகளில் இருக்கும். எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே போகவேண்டும் என்பது மெனுவின் விஓபி கோப்பிலேயே இருக்கும்; ஒரு பகுதி முடிந்தால் அடுத்து என்ன என்பது ஐஎஃப்ஓ கோப்புகளில். இந்த டிஸ்க்கில் நான்கு டைட்டில்கள், மெனுவில் மூன்றே பட்டன்கள். வேறு கல்யாணத்துக்குச் செய்த மெனுவை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். தாரை வார்ப்புக்குப் பட்டனே கிடையாது.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. ரிமோட்டின் எந்தெந்தப் பட்டனுக்குப் பிளேயர் கீழ்ப்படியக்கூடாது என்று டிஸ்க்கிலேயே எழுதி வைக்கலாம். பதிப்புரிமை எச்சரிக்கையைத் தாண்டவிடாமல் சினிமா டிவிடிகளில் செய்வார்களே, அதுதான். ஸ்டுடியோ தன் விளம்பரத்தை யாரும் ஓட்டித் தள்ளிவிடக்கூடாது என்று அந்தத் தடையை டிஸ்க் முழுக்கப் போட்டிருந்தது. எண்ணை அழுத்தி மூன்றாம் டைட்டிலுக்குப் போகவும் வழியில்லை. விஎல்சி அந்தத் தடையைச் சட்டை செய்வதில்லை. வீட்டுப் பிளேயர் அதற்குக் கட்டுப்படும்.

அப்போது நடைமுறையில் இருந்த 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(1)(ஜி) பிரிவு, ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து கொடுக்கும் விதத்தில் உள்ள குறையையும் சேவைக் குறைபாடு என்றது. பில்லில் ‘மெனுவுடன் டிவிடி’ என்று எழுதியிருந்தது. எனக்கு அது போதும். ஆனால் வாயால் சொன்னால் புரியாது. அனுமதி வாங்கி, டிவியும் சாதாரண பிளேயரும் மன்றத்துக்குள் கொண்டுவந்தேன். அந்த அம்மா ரிமோட்டை அழுத்த அழுத்தத் திரையின் மூலையில் தடைக் குறி வந்துகொண்டே இருந்தது. மன்றத் தலைவர் ரிமோட்டை வாங்கித் தானே அழுத்திப் பார்த்தார். அவருக்கும் அதே குறிதான்.

ஸ்டுடியோ வக்கீல் வாய்தா கேட்டார். நஷ்டஈடாக நல்ல தொகை கேட்கலாம் என்று இருந்தேன். அம்மாவுக்கு வேண்டியது அது இல்லை. டிஸ்க்கைத் திருத்திக் கொடுக்கவேண்டும், வழக்குச் செலவு தரவேண்டும் என்று சமரசம் எழுதினோம். படத்தைத் தொடவே தேவையில்லை. மெனுவும் கட்டளைகளும் மட்டும் மாறின. நான்கு பகுதிக்கும் பட்டன், கூடவே ‘எல்லாம் பார்க்க’. அதை அழுத்தினால் பிளேயர் நினைவில் ஒரு எண் பதியும். ஒவ்வொரு பகுதி முடிவிலும் அந்த எண்ணைப் பார்த்து அடுத்ததற்குப் போகும், இல்லையென்றால் மெனுவுக்குத் திரும்பும். விளம்பரத்தைத் தாண்டவும் விட்டிருந்தார்கள்.

சமரச மனு பதிவான அன்று, சரிபார்க்க அதே டிவியில் புது டிஸ்க்கைப் போட்டோம். அந்த அம்மா மூன்றாவது பட்டனை அழுத்தினார். மகள் கைமேல் கணவர் நீர் வார்க்கும் இடத்தில் நிறுத்தினார். பிறகு பின்னால் ஓட்டி, மறுபடி முதலிலிருந்து போட்டார். அடுத்த வழக்கை அழைக்காமல் தலைவர் காத்திருந்தார்.