மூச்சைப் பிடிக்காத பொருள்

சென்ற டிசம்பரில் பத்தாம் வகுப்பு மாணவியர் 42 பேரும், சிஸ்டருடனும் அறிவியல் டீச்சருடனும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்திற்குச் சென்று வந்தோம். பஸ் கிளம்பியதும் ஆம்பூரின் வழக்கமான தோல் ஷாப் வாடை வீசியது. மூக்கைப் பொத்திக் கொள்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தாம். நாங்கள் பாடிக்கொண்டே போனோம். வாணியம்பாடி, ஆலங்காயம் கடந்து ஜவ்வாது மலையைத் தொட்டதும், அப்பப்பா, என்ன குளிர்!

அங்கே 1986-இல் திறக்கப்பட்ட, 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியைக் கண்டு வாய் பிளந்து நின்றோம். சூரியனின் நடுவே வெப்பம் ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி என்றார் டீச்சர். எங்களில் ஒருத்தி (பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்) எழுந்து, "தொலைநோக்கியில் மேற்பரப்புதானே தெரியும்? நடுவில் உள்ள பொருள் எப்படி இருக்கும் என்று யார் பார்த்தது, டீச்சர்?" என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே பதில் கிடைத்தது. நட்சத்திரத்திற்குள் போக முடியாது. ஆனால் அதுபோன்ற நிலையை ஆய்வுக்கூடத்தில் ஒரு துளிப் பொருளில் உண்டாக்கலாம். பூமியின் நடுவே அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 36 லட்சம் மடங்கு. அத்தகைய அழுத்தத்தை லேசர் கொண்டு உண்டாக்கினால், அது ஒரு வினாடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் சில பங்கு நேரமே நிற்கும், உடனே சிதறிவிடும். அதற்குள் படம் எடுத்தாக வேண்டும். ஆகவே இன்னொரு லேசரை மெல்லிய உலோகத் தகட்டின் மேல் பாய்ச்சுகிறார்கள். தகடு நொடியில் பிளாஸ்மாவாகி, மின்னலைவிடக் குறுகிய எக்ஸ்ரே வீச்சு ஒன்றை வெளியிடுகிறது. அது அந்தப் பொருளை ஊடுருவிப் படமாகிறது.

எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. கேள்வி கேட்டவளுக்கு முழுதும் புரிந்தது. அவள் அப்பா இருபது ஆண்டுகள் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். ஓயாத இருமலுக்காக வேலூரில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தபோது, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார்களாம். இருமல் வந்துவிட்டது, படம் கலங்கிவிட்டது, மறுபடி எடுத்தார்கள். "அந்தப் பொருளுக்கு மூச்சைப் பிடிக்கத் தெரியாது, டீச்சர். படம் எடுப்பவர்தான் அவசரப்பட வேண்டும்" என்றாள். டீச்சர் சிறிது நேரம் பேசவே இல்லை.

மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்தூரிலும் இத்தகைய வலிமை மிக்க லேசர்கள் இருக்கின்றனவாம். அமெரிக்காவின் லிவர்மோரில் 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர் கதிர்களால் எக்ஸ்ரே உண்டாக்கி, அதனால் ஹைட்ரஜன் நிரப்பிய சிறு குளிகையை நசுக்கினார்கள். செலுத்திய 2.05 மெகாஜூலுக்கு 3.15 மெகாஜூல் கிடைத்தது.

இதையெல்லாம் கேட்டவள், தேர்வு முடிந்ததும் ஷூ கம்பெனியில் தையலுக்குப் போவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எங்களுக்கு அன்றுதான் தெரியும். மறுவாரம் சிஸ்டர் அவள் வீட்டிற்குச் சென்று பிளஸ் ஒன் பற்றிப் பேசினார்கள். "பார்க்கலாம்" என்றாராம் அப்பா. அவர் பார்க்கலாம் என்றால் பாதி சம்மதம் என்கிறாள் அவள்.