கல்லுக்குள்ளே தண்ணீர்

மதுரையில் மாட்டுத்தாவணி என்று ஓர் இடம். தாவணி என்றதும் நம் பெண்மணிகளுக்கு வேறு ஞாபகம் வரும்! இது மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறு. பிறகு மாட்டுச் சந்தைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. இப்போது அங்கே வரிசையாக நிற்பவை பஸ்கள்.

மேலூர்ச் சாலையில் ஆனைமலையைத் தாண்டி, மேற்கே திரும்பினால் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். நானும் என் மனைவியும் போய் இறங்கியபோது நல்ல வெயில். சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள்.

"இந்த வெயிலில் கல்லைப் பார்க்கவா அழைத்து வந்தீர்கள்?" என்றாள் அவள்.

கழிஞ்சமலைக் குகைக்குள் நுழைந்ததும் அவள் வாய் அடைத்துவிட்டது. அப்படி ஒரு குளிர்ச்சி! மழைநீர் உள்ளே வழியாமலிருக்க, மேற்பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். அருகே தமிழி எழுத்து; நெல்வேலிக்காரன் ஒருவன் சமணத் துறவிகளுக்கு இக்குகையை அமைத்துக் கொடுத்த செய்தி. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தியது!

பக்கத்து மீனாட்சிபுரத்தில், மாங்குளம் கல்வெட்டுகள் இன்னும் பழையவை. 1882-ல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேயர் கண்டறிந்தார். பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி, துறவிக்குக் கற்படுக்கை 'கொட்டுவித்தான்' என்கிறது ஒன்று. நம் வீட்டு அம்மியைக் கொத்துகிறார்களே, அதே உளி வேலைதான். இன்னொன்றில் ராஜாவின் சம்பந்த வழிச் சொந்தக்காரர் பெயர் இருக்கிறது. "அந்தக் காலத்திலேயே பெண் வீட்டாருக்கு இத்தனை செல்வாக்கா!" என்று என் மனைவிக்கு ஒரே பூரிப்பு.

முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும் இங்கே உண்டு. அதில் லகுலீசர் சிற்பம், தமிழ்நாட்டில் அபூர்வமானது.

எல்லாரும் இந்தக் குன்றையே தேடி வந்த காரணம் தண்ணீர். பாறையில் விழும் மழை சுனைகளில் தங்கி, வழிந்து, ஆனைகொண்டான் போன்ற கண்மாய்களை நிரப்புகிறது. வல்லூறுகள் இங்கே கூடு கட்டுகின்றன. 2022 நவம்பரில் சுமார் 478 ஏக்கரை தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே வருஷம்! 2024 நவம்பரில், இந்த இடத்தையும் சேர்த்துச் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது மத்திய அரசு. பழைய மின்விளக்கினுள் ஒளிருமே ஒரு மெல்லிய இழை, அந்த உலோகம்தான். ஊர் ஊராகத் திரண்டார்கள். 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஊர்வலம். 23-ந் தேதி ஏலம் ரத்து.

"நீங்களும் நடந்தீர்களா, பாட்டி?" என்று சுனையருகே நின்ற கிழவியைக் கேட்டேன்.

"நடக்காம? கால் வீங்கிப் போச்சு, தம்பி. மலையக் குடுத்துட்டா மாடு கண்ணுக்குத் தண்ணிக்கு எங்க போறது?" என்றவள், என் மனைவியிடம் செம்பை நீட்டினாள். "குடிச்சுப் பாரு, தாயி."

குடித்தாள். பிறகு, நாங்கள் மதுரையிலிருந்து கூஜாவில் கொண்டு போயிருந்த குழாய்த் தண்ணீரை ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு, சுனைநீரை நிரப்பிக்கொண்டாள்.