விலக்கியது யார்?

மின்னஞ்சலில் ‘ஸ்பாம்’ எனப்படும் குப்பையஞ்சற் பகுதியைச் சென்றடையும் மடல்கள் யாவும் பார்வைக்கு ஒரு தன்மையனவே. ஆயின், அவற்றை அங்கு விலக்கியது இயந்திரமா மனிதரா என்னும் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

சென்ற ஆண்டு, பரீட்சை விண்ணப்பத்தின் இறுதித் திகதியை அறிவித்த மடலை எம் வகுப்பில் இருவர் காணவில்லை. “எல்லோருக்கும் அனுப்பினோம், பாராதது உங்கள் கவலையீனம்” என்பதே இருவருக்கும் கிடைத்த விடை. மறுவாரம் அவர்களுடைய ஜீமெயில் பெட்டிகளை மூவருமாக ஆராய்ந்தோம். இருவரது மடலும் குப்பையஞ்சலிற் கிடந்தது. திறந்ததும் அதற்கான காரணம் மேலே காணப்பட்டது. முன்னர் குப்பையென இனங்காணப்பட்ட மடல்களை இது ஒத்துள்ளது என நண்பியின் பெட்டி கூறிற்று. இவ்வனுப்புநரின் மடல்களை நீரே முன்னர் குப்பையெனக் குறித்துள்ளீர் என நண்பரின் பெட்டி கூறிற்று.

முன்னையது கணிப்பு, பின்னையது தீர்ப்பு. இயந்திரம் மடலின் கூறுகளை நிறுத்துப் பார்க்கிறது. 2001 இல் தோன்றிய ஸ்பாம்அசாசின் என்னும் மென்பொருள் ஒவ்வொரு கூறுக்கும் புள்ளியிட்டு, மொத்தம் 5 ஐ எட்டினாற் குப்பையெனக் குறிக்கும். அவ்வெல்லையை நிருவகிப்போர் மாற்றலாம். 2002 இல் போல் கிரகம் எழுதிய கட்டுரை, சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு மடலை வகைப்படுத்தும் முறையைப் பரவலாக்கியது. இவை ஐயத்தின் அளவையே கூறுவன. மனிதர் பொத்தானை அழுத்துவதோ, இது எனக்கு வேண்டாம் என்னும் முடிவாகும். எனவே, நண்பியைக் கவலையீனமானவள் என்றமை நியாயமன்று.

எனினும், இவ்விரண்டுக்குமிடையே நெடுஞ்சுவர் இல்லை. பயனர் குப்பையெனக் குறிப்பவற்றிலிருந்தே இயந்திரமும் கற்கிறது. நாளொன்றுக்குப் பல அறிவித்தல்கள் வந்து குவிய, சலிப்பினால் ஒருவர் அழுத்தும் பொத்தான் வேறொருவரின் பெட்டியிலும் நிழல் வீழ்த்தக்கூடும். வேண்டாத மடலை வெறுமனே அழிப்பதற்கும் குப்பையென முறையிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதில் நிருவாகத்துக்கும் பொறுப்புண்டு. அனுப்பப்பட்டது என்பதும் அறிவிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. முக்கிய திகதிகள் அறிவித்தற் பலகையிலும் இடம்பெறல் வேண்டும். ஜீமெயிலின் குப்பையஞ்சல் 30 நாட்களிற் தானே அழிந்துவிடும். அதனுடன் காரணங் கூறும் வரியும் மறையும். ஆகவே, மாணவர் மீது குற்றஞ் சுமத்துமுன் அவ்வரியைப் படித்தல் நன்று.