விட்ட கை, பிடித்த கை

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவென்றால், மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதை முழுவதும் மனிதத் தலைகளே. அந்தக் கூட்டத்தில் ஒருவனைத் தொலைத்துவிடுவது எளிது. என் தம்பியை அவ்வாறு விட்டுவிட்டு வரலாம் என்று ஓர் இரவு எண்ணியவன் நான்.

அப்போது அவனுக்கு 22 வயது. உறக்கமின்றித் தனக்குத்தானே பேசுவான். யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அஞ்சுவான். நேர்ச்சைகள் செய்தோம், மந்திரிப்பவரிடமும் மறைவாகச் சென்றோம். தங்கையின் திருமணப் பேச்சு இருமுறை முறிந்தது. அன்றிரவு கூட்டத்தின் நடுவே அவன் கையை விட்டேன். பத்தடி நடப்பதற்குள், "அண்ணா, தொலைந்துபோய்விடாதே, என் கையைப் பிடித்துக்கொள்" என்று அவனே ஓடிவந்து என் விரல்களைப் பற்றினான்.

மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். முற்காலத்தில் இதற்கென்று 1794-இல் தோன்றிய சென்னை மனநல மருத்துவமனையையே நாட வேண்டியிருந்தது. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தபின், சிகிச்சை வீட்டருகே வந்தது. இன்று 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் இலவச ஆலோசனை பெறலாம்.

மாத்திரையால் முதலில் உறக்கம் வந்தது. பிறகு அச்சம் தணிந்தது. குணமாகிவிட்டான் என்று நாங்களே மருந்தை நிறுத்தினோம்; நோய் திரும்பியது. நீரிழிவுக்குப் போலவே இதற்கும் இடைவிடாத மருந்து வேண்டும் என்பதை அவ்வாறு கற்றோம்.

மருந்தை அரசு தரும். அண்டை அயலாரின் அன்பை யார் தருவது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 மனநோயாளர் மாண்டனர். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆனால் ஒதுக்கிவைப்பதைத் தடுக்க எந்தச் சட்டத்தால் இயலும்?

பெல்ஜியம் நாட்டில் கேல் என்றோர் ஊர் உண்டு. நம் ஊரைப்போல் அதுவும் யாத்திரைத் தலமே. மனநோயாளரின் பாதுகாவலியாகிய புனித டிம்ப்னாவின் ஆலயத்தில் குணம் வேண்டி வந்தோருக்கு இடம் போதாமற்போகவே, இடைக்காலத்திலேயே ஊரார் அவர்களைத் தத்தம் இல்லங்களில் ஏற்றனர். உடனிருத்தி உணவிட்டனர், வேலையும் தந்தனர். மருத்துவர் மேற்பார்வையில் அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது.

என் தம்பி இப்போது ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறான். ஞாயிறு திருப்பலியில் அவனருகே நெடுநாள் எவரும் அமர்ந்ததில்லை. சென்ற மாதம் ஒரு மூதாட்டி வந்தமர்ந்து, "நகர்ந்துகொள் தம்பி" என்றார். அவன் முகம் மலர்ந்ததைக் கண்டேன். அன்பர்களே, உங்கள் பங்கிலும் அப்படி ஓர் இடம் காலியாக இருக்கலாம்.